ஏர் அடித்தது போதும்

“நம்ம ஊர்த் தூசிக்கு ஃபில்டர் மாத்திக்கிட்டே இருந்தா கட்டுப்படியாகுமாண்ணே? வாரம் ஒரு தடவை ஏர் அடிச்சுப் போடுங்க, அது பாட்டுக்கு ஓடும்.”

மந்தாரக்குப்பம் முதல் வடலூர் வரை பிக்கப் வண்டி வைத்திருக்கும் எவரும் இதைக் கேட்டிருப்பார். சொல்கிறவர் டயர் கடைக்காரராக இருக்கலாம், மெக்கானிக்காக இருக்கலாம், ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரராக இருக்கலாம். சொன்ன கையோடு மூடியைக் கழற்றி, ஃபில்டரைத் தரையில் நாலு தட்டு தட்டி, கம்ப்ரசர் ஹோஸைப் பிடித்து அடித்தும் காட்டிவிடுவார். புழுதி மேகமாகக் கிளம்பும். பார்க்க நிறைவாக இருக்கும். அந்த நிறைவுதான் இந்த நெய்வேலிப் பக்கத்தில் டீசல் பிக்கப்புகளின் ஆயுளைக் குறைக்கிறது என்பது என் கட்சி.

எதிர்த்தரப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். வண்டியைப் பேணுகிறவர்கள்தான் ஏர் அடிக்கிறார்கள். அவர்கள் சொல்வது இதுதான். ஃபில்டர் கறுத்துவிட்டால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். ஊதிச் சுத்தம் செய்தால் மூச்சு திரும்பும், இழுவை கூடும். நெய்வேலிப் புழுதியில் கறுப்பதோ வாரத்துக்கு ஒரு தரம், அப்படியிருக்க வாரம் ஒரு ஃபில்டர் யாரால் வாங்க முடியும்? அந்தக் காலத்து ஜீப்பிலும் டிராக்டரிலும் கழுவிக் கழுவித்தானே போட்டோம், அவை ஓடவில்லையா? வண்டியோடு வரும் கையேடுகள் சிலவற்றில்கூட ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும் முறை இருக்கிறது. ‘மாற்று, மாற்று’ என்பது ஃபில்டர் விற்கிறவனின் பாட்டு. இவ்வளவும் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதை நம்பி நானும் ஆறு வருடம் ஏர் அடித்தேன்.

1. அழுக்கான ஃபில்டர் கெட்ட ஃபில்டர் என்று யார் சொன்னது?

இந்த ஒரு எண்ணத்தின் மேல்தான் மற்ற எல்லாம் நிற்கிறது. கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டியவர்களைக் கேளுங்கள். முதல் சொம்பு கலங்கலாகத்தான் இறங்கும். துணியில் வண்டல் படியப் படிய அடுத்தடுத்த சொம்பு தெளியும். துணியைவிட அதில் படிந்த வண்டல்தான் நன்றாக வடிகட்டுகிறது. காகித ஏர் ஃபில்டரும் அப்படித்தான். புதுக் காகிதத்தின் இழைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். மிக நுண்ணிய தூசியில் கொஞ்சம் அந்த வழியாகத் தப்பிவிடும். மேலே தூசிப் படலம் ஒன்று உட்கார்ந்த பிறகு அந்தப் படலமே இன்னொரு சல்லடையாகிவிடும். ஏர் ஃபில்டர்களைச் சோதிக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஐ.எஸ்.ஓ. 5011 முறையில் ஃபில்டரின் தொடக்கத் திறனும் தூசி ஏறிய பிறகு உள்ள திறனும் தனித்தனியாகக் குறிக்கப்படுவது இதனால்தான். பின்னது முன்னதைவிட அதிகம்.

ஆக, வாரம் ஒரு முறை ஏர் அடிக்கிறவர் தன் ஃபில்டரை வாரம் ஒரு முறை அதன் மோசமான நிலைக்குத் திருப்பி அனுப்புகிறார். மூடியையே திறக்காத சோம்பேறியின் வண்டிக்குள் போகிற காற்று, அக்கறைக்காரரின் வண்டிக்குள் போகிற காற்றைவிடச் சுத்தம். கசக்கிறது, ஆனால் கணக்கு அப்படித்தான் விழுகிறது.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் எரியக் குறைந்தது 12 கிலோ காற்று வேண்டும். 12 கிலோ காற்று என்பது 10,000 லிட்டர், அதாவது 10 கன மீட்டர். டீசல் இன்ஜின் தேவைக்கு மேலேயேதான் இழுக்கும், நாம் குறைந்தபட்சத்தையே வைத்துக்கொள்வோம். புழுதிச் சாலையில் ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு மில்லிகிராம் தூசி மிதப்பதாகக் கொள்வோம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் பிக்கப் 48,000 கிலோமீட்டருக்கு 4,000 லிட்டர் குடிக்கும். ஃபில்டர் வாசலுக்கு வந்து சேரும் தூசி 40 கிராம். ஃபில்டர் 99.5 சதவீதம் தடுத்தால் உள்ளே போவது 0.2 கிராம். 98 சதவீதம் தடுத்தால் 0.8 கிராம். “ஒன்றரை சதவீதம்தானே குறைஞ்சிருக்கு” என்று தோன்றும். இன்ஜினுக்குள் போனதோ நான்கு மடங்கு.

2. கம்ப்ரசர் காற்று தூசியை மட்டும் வெளியேற்றுவதில்லை.

டயர் கடைக் கம்ப்ரசர் எதற்காக இருக்கிறது? லாரி டயருக்குக் காற்றேற்ற. அதன் டாங்க் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல்தான் நிற்கும். பெரிய இன்ஜின் கம்பெனிகள் ஃபில்டரை ஊத அனுமதித்த இடங்களில்கூட 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாதே, உள்பக்கமிருந்து வெளியே மட்டும் அடி, முனையைக் காகிதத்துக்கு அருகில் கொண்டுபோகாதே என்று நிபந்தனை வைத்திருக்கின்றன. நம் கடைகளில் அழுத்தத்தைக் குறைக்கும் திருகை யாராவது தொட்டுப் பார்த்ததுண்டா? ஹோஸின் முனை காகித மடிப்பை உரசும். சில பையன்கள் வெளிப்பக்கத்திலிருந்தே அடித்து, பிடித்துவைத்த தூசியைக் காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகச் செருகிவிடுவார்கள்.

காகிதம் கிழிந்தால் தெரிந்துவிடும் என்பார்கள். உள்ளே பல்பை விட்டு வெளிச்சம் பார்க்கும் பழக்கம் சில ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கிறது, நல்ல பழக்கம்தான். ஆனால் வெளிச்சம் காட்டுவது ஓட்டையை. இழைகள் தளர்ந்து இடைவெளி அகன்றிருப்பதை அது காட்டாது. இன்ஜினுக்கு அதிகக் கெடுதல் செய்வது 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள துகள்கள். தலைமுடியின் தடிப்பு சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைவிட மோசம் திறப்பது. ஒவ்வொரு முறை மூடியைக் கழற்றும்போதும் டப்பாவுக்குள் படிந்த தூசி கலைந்து, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், இன்ஜினுக்குப் போகும் குழாய்க்குள் விழுகிறது. விழுந்ததைத் தடுக்க இனி எதுவும் இல்லை. ஃபில்டர் ஓரத்தின் ரப்பர் ஒவ்வொரு முறையும் நசுங்கி நிமிர்ந்து, ஒரு கட்டத்தில் நிமிர மறுக்கும். நாலு கிளிப்பில் ஒன்று உடைந்திருக்கும்; “மூணு போதும்” என்று மூடுவார்கள். காற்றுக்கு வளைந்து நெளிந்து காகிதம் வழியாகப் போகவேண்டும் என்று ஆசையா என்ன? அது சந்து வழியே போகும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் பழைய பிக்கப்பில் இன்ஜினை இறக்கிய அன்று தெரிந்தது. ஆயில் குடிக்கிறது, டிப்ஸ்டிக்கை உருவினால் புகை வருகிறது, பேக் கம்ப்ரஷன் என்று சொல்லி இறக்கச் சொன்னார்கள். மெக்கானிக் ஒரு பனியன் வேஸ்ட்டைக் கையில் கொடுத்து, ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள ரப்பர்க் குழாயின் உள்பக்கத்தைத் துடைக்கச் சொன்னார். அது சுத்தமான பக்கம். அங்கே எதுவுமே இருக்கக் கூடாது. விரலைச் சுழற்றி வெளியே எடுத்தபோது துணியில் சந்தன நிறத்தில் ஒரு பட்டை. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறத்தது. பிறகு ஹெட்டைத் தூக்கி, லைனரின் மேல்விளிம்பில் நகத்தை வைத்துக் கீழே இழுத்துப் பார்க்கச் சொன்னார். நகம் ஒரு படியில் இறங்கியது. மேல் ரிங் வந்து திரும்பும் இடம் அது; உள்ளே போன தூசி முதலில் தேய்ப்பது அங்கேதான். அதற்கு முந்தைய வாரம்தான் ஏர் அடித்திருந்தேன், “பாலிஷா இருக்கு” என்று பாராட்டும் வாங்கியிருந்தேன்.

3. “கரித்தூள்தானே, இன்ஜினுக்குள்ள போனா எரிஞ்சிடும்.”

இந்த வாதத்தை வெளியூர்க்காரர் சொன்னால் மன்னிக்கலாம். இந்த ஊரில் பிறந்து, நகரியத்தின் 20-வது வட்டத்தில் வளர்ந்து, அப்பாவும் சித்தப்பாவும் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்த வீட்டிலிருந்து வருகிறவர்களே சொல்கிறார்கள். நெய்வேலித் தூசி என்றால் நிலக்கரித் தூசி என்பது அவர்கள் எண்ணம். இந்த ஊரின் வரலாறே அதற்கு எதிர்ச்சாட்சி.

1956-ல் இங்கே நிலக்கரிச் சுரங்க நிறுவனம் தொடங்கியது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நடுவில் உள்ள நான்கு வருடமும் வெட்டியது என்ன? மண். கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் பெயர் வைத்த, சிவந்த, இறுகிய மேல்மண். இன்றைக்கும் ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மேல்மண்ணை அகற்றவேண்டியிருக்கிறது. கரியைவிட மண்ணைத்தான் நாம் அதிகம் தோண்டுகிறோம், பெல்ட்டில் ஓட்டுகிறோம், மலையாகக் கொட்டுகிறோம்.

அந்த மணற்கல்லின் குணம் என்ன? ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரங்களின் பற்களைக் கேட்கவேண்டும். அங்கே மென்மையான மண்ணை வெட்டிப் பழகிய இயந்திரங்கள் இங்கே வந்து பல் தேய்ந்து நின்றன. தொடக்க காலத்தில் இந்தச் சுரங்கத்தின் பெரிய தலைவலிகளில் அதுவும் ஒன்று. வெடி வைத்துத் தளர்த்தி, பற்களின் உலோகத்தையே மாற்றிய பிறகுதான் வேலை நடந்தது. கடினமான உருக்கால் செய்த பல்லையே மழித்த மண் அது. காரணம் அதிலுள்ள குவார்ட்ஸ் மணல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் பத்துக்கு ஏழு, கண்ணாடியைக் கீறும். அதே மணலின் பொடிதான் ஆடிக் காற்றில் மந்தாரக்குப்பம் சாலையில் பறக்கிறது, உங்கள் பிக்கப்பின் மூக்கில் ஏறுகிறது. அது எப்படி எரியும்? ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருளைப்போல அது எதற்கும் அசையாது. ஆயிலோடு கலந்து, ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே உப்புத்தாள் போடும்.

இதோடு சாம்பல். அனல்மின் நிலையத்தின் பறக்கும் சாம்பல் சிமென்ட் ஆலைக்கும் சாம்பல் செங்கல் கூடங்களுக்கும் லாரியில் போகிறது. தார்ப்பாய் சரியாகக் கட்டாத ஒரு லாரிக்குப் பின்னால் பத்து நிமிடம் போனவர்களுக்கு மற்றதைச் சொல்லவேண்டாம். அந்தச் சாம்பல் பெரும்பாலும் கண்ணாடி போன்ற நுண் உருண்டைகள், மணலைவிடப் பொடி. தளர்ந்த காகிதத்தில் அவற்றுக்குத் தடையே கிடையாது. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலை வேலை வருடக்கணக்கில் இழுத்துக் கிளப்பிய புழுதியைத் தனியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரித்தூளும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஃபில்டரைக் கறுப்பாக்குவது அதுதான். கண்ணுக்குத் தெரியும் அந்தக் கறுப்பைப் பார்த்து நாம் பதறி ஏர் அடிக்கிறோம். இன்ஜினை அறுக்கும் மணல் காகிதத்தின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணில் படுவதில்லை. இந்த ஊரின் வேடிக்கை இது.

4. அப்படியானால் அடைத்துக்கொள்ளும்வரை விட்டுவிடவா?

இல்லை. அடைப்பு உண்மையான தொல்லை, டீசலில் இன்னும் உண்மை. நவீன பெட்ரோல் காரில் ஃபில்டர் அடைத்தால் கம்ப்யூட்டர் எரிபொருளைக் குறைத்துச் சமாளிக்கும். இழுவைதான் குறையும், மைலேஜ் பெரிதாக விழாது. டீசலில் எரிபொருள் வந்துகொண்டிருக்க, காற்று போதாமல்போனால் கறுப்புப் புகை தள்ளும், மேடேறும்போது திணறும், டர்போ வீணாக உழைக்கும். ஆகவே மாற்றத்தான் வேண்டும். ஆனால் எப்போது என்பதைக் காகிதத்தின் நிறம் முடிவு செய்யக் கூடாது.

பெரிய டீசல் இன்ஜின்களில் ஃபில்டர் டப்பாவுக்குப் பின்னால் சிறு காட்டி ஒன்று இருக்கும். இன்ஜின் எவ்வளவு சிரமப்பட்டு மூச்சிழுக்கிறது என்பதை அது அளக்கும். பொதுவான எல்லை 25 அங்குல நீர்மட்டம்; அதாவது ஸ்ட்ரா போட்டு 25 அங்குல உயரத்துக்குத் தண்ணீரை உறிஞ்ச எவ்வளவு இழுவை வேண்டுமோ அவ்வளவு. அதுவரை ஃபில்டர் கறுத்தாலும் கை வைக்காதே என்பதுதான் அந்தக் காட்டியின் பொருள். சுரங்கத்துக்குள் ஓடும் டோசரும் டம்பரும் நம்மைவிடப் பல மடங்கு புழுதியில்தான் நிற்கின்றன. அந்த மாதிரி வண்டிகளில் தூசியைச் சுழற்றி உதறும் முன்வடிகட்டி, அதன் பின் பெரிய ஃபில்டர், அதற்குள் ஒரு பாதுகாப்பு ஃபில்டர் என்று அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஃபில்டருக்கு ஒரே சட்டம்தான்: சுத்தம் செய்யாதே, மாற்று.

பிக்கப்புகளில் பெரும்பாலும் இந்தக் காட்டி இருக்காது. அதற்காகத்தான் கையேட்டில் கடும் தூசிப் பயன்பாட்டுக்கென்று தனி இடைவெளி சொல்கிறார்கள். அந்தப் பத்தி வேறு யாருக்கோ எழுதியது என்று புரட்டிவிட்டுப் போகிறோம். நமக்குத்தான் எழுதினார்கள். நகரியத்தின் மரநிழல் சாலைகளில் மட்டும் ஓடும் வண்டிக்கு ஒரு கணக்கு, செங்கல் சூளைக்கும் சுரங்க ஓரத்துக்கும் லோடு அடிக்கும் வண்டிக்கு வேறு கணக்கு.

5. பழைய ஜீப் உதாரணம் செல்லாது.

அதில் இருந்தது ஆயில் பாத். காற்று எண்ணெயில் மோதித் திரும்ப, தூசி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருந்தது கம்பிவலை. டீசலில் கழுவி, எண்ணெய் மாற்றிப் போட்டால் மறுபடி புதிதுதான். டிராக்டர்களில் இன்றும் உண்டு. கம்பிவலைக்குச் சரியான வைத்தியத்தைக் காகிதத்துக்குச் செய்கிறோம், அவ்வளவுதான் விஷயம். காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு வாதிட எனக்குத் தெம்பில்லை.

6. காசுக் கணக்கு எதிர்ப்பக்கம்தான் சாய்கிறது.

ஒரு தரம் ஏர் அடிக்க இருபது ரூபாய், டீக்காசுபோலக் கொடுத்துவிட்டு வருகிறோம். வருடத்துக்கு 52 வாரம், 1,040 ரூபாய். பிக்கப் ஃபில்டர் ஒன்று சில நூறு ரூபாய். ஊதுவதற்குக் கொடுத்த காசிலேயே வருடத்துக்கு ஒன்றாவது புதிதாக வாங்கியிருக்கலாம். இதில் இன்ஜின் வேலையைச் சேர்க்கவே இல்லை. பிஸ்டன் செட், லைனர், பேரிங், ஹெட் வேலை, கூலி, நடுவில் வண்டி நிற்கும் நாட்களின் வாடகை, அதற்கும் விடாமல் வரும் மாதத் தவணை. பலாப்பழ சீசனில் பண்ருட்டி லோடை விட்டுவிட்டு வண்டியை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தியவனுக்கு அந்தக் கூட்டல் மனப்பாடம்.

7. “எந்த ஃபில்டரா இருந்தா என்ன?”

மாற்றச் சம்மதித்தவர்களும் கடைசியில் இங்கே வந்து வழுக்குகிறார்கள். கடையில் ஒரிஜினலும் இருக்கும், அதில் பாதி விலைக்கு அதே நிற அட்டைப்பெட்டியில் இன்னொன்றும் இருக்கும். உடனே வாங்கவேண்டாம், இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். மடிப்புகளை எண்ணுங்கள். மலிவானதில் மடிப்பு குறைவாக இருக்கும், அதாவது காகிதத்தின் பரப்பு குறைவு, சீக்கிரம் அடைக்கும். மடிப்புகள் ஒன்றோடொன்று சாய்ந்து ஒட்டியிருந்தால் வைத்துவிடுங்கள். ஓர ரப்பரை நகத்தால் அழுத்துங்கள். அமுங்கி உடனே எழவேண்டும். முக்கியமாக, அது டப்பாவில் இறுக்கமாக உட்காருகிறதா என்று பாருங்கள். எவ்வளவு நல்ல காகிதமாக இருந்தாலும் ஓரத்தில் சந்து இருந்தால் ஃபில்டர் போடாததற்குச் சமம்.

இன்னொரு பக்கம், கழுவிக் கழுவிப் போடலாம், இழுவை கூடும் என்று எண்ணெய் தோய்த்த பஞ்சு ஃபில்டரை இளவட்டங்கள் தேடி வாங்குகிறார்கள். ரேஸ் ஓட்டுகிறவருக்கு அது சரி. அவர் அடிக்கடி இன்ஜினைப் பிரிக்கிறவர். காற்று தாராளமாகப் போகும் இடத்தில் நுண்தூசியும் தாராளமாகப் போகும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் காற்றை அளக்கும் சென்சார் வேறு இருக்கிறது. எண்ணெய் அதிகமாகப் பூசினால் அது போய் அந்த சென்சாரில் படிந்து, தப்புக் கணக்கு சொல்ல வைக்கும். சாம்பல் லாரிக்குப் பின்னால் ஓடும் பிக்கப்புக்கு இது வேண்டாத வேலை.

ஃபில்டர் கம்பெனிக்கு விற்கிற ஆசை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் அவர்கள் சொல்லும் இயற்பியல் பொய்யாகிவிடாது. ஏர் அடிப்பதற்கும் ஒரு இடம் உண்டு: ஊரைவிட்டு நூறு கிலோமீட்டர் தள்ளி, கறுப்புப் புகை தள்ளி வண்டி நகர மறுக்கும்போது, கடையும் இல்லாதபோது. அழுத்தத்தைக் குறைத்து, உள்ளிருந்து வெளியே, ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஊதுங்கள். ஊர் வந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

என்னை நம்பவேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயின் உள்பக்கத்தை ஒரே ஒரு முறை துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாக வந்தால் உங்கள் டயர் கடைக்காரர் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. சந்தன நிறத்தில் வந்தால் புது ஃபில்டர் வாங்கி, அதன் ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி, நாலு கிளிப்பையும் மாட்டி மூடுங்கள்.